எங்கள் கிணற்றுக்குள் வந்த கடல்

ஒரு மிடறை விழுங்கிவிட்டார். அடுத்த மிடறை விழுங்கவில்லை. முற்றத்தில் துப்பிவிட்டுக் கோப்பையை என் பக்கம் நீட்டினார்.

“என்னப்பா, தேத்தண்ணிக்குள்ளை உப்பைப் போட்டிட்டீரோ?”

என் கணவர் சிவராசா கோபக்காரர் அல்ல. ஆனால் காலைத் தேநீரில் பிழை வந்தால் அன்றைய நாள் முழுவதும் அவருக்குக் கெட்டுப்போகும். போர் நடந்து, எங்கள் குடாநாட்டுக்குள் சாமான்கள் வரத் தடை இருந்த காலம் அது. சீனியைக் கண்ணால் கண்டு மாதக்கணக்காகியிருந்தது. பனங்கட்டியை ஒரு கடி கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடிப்போம். உப்புக்கும் அதே கதிதான். சட்டியில் கிடந்த கொஞ்ச உப்பை நான் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தேன். அதைக் கொண்டுபோய்த் தேநீரில் கொட்ட எனக்கென்ன விசரா?

குசினி வாசலில் இருந்த பூமணி மச்சாளுக்கு இது போதும். மச்சாள் இவருடைய அக்கா. புருஷனைப் பறிகொடுத்த பிறகு எங்களோடுதான் இருந்தார். எனக்கும் அவருக்கும் பெரிய சண்டை ஒன்றும் இல்லை. சின்னச் சண்டைகளுக்கு ஒரு நாளும் குறைவில்லை.

“நித்திரைக் கண்ணோடை கை மாறியிருக்கும் தம்பி. சில பேருக்கு விடிஞ்சாலும் விடியாது.”

சொன்னதோடு நிற்கவில்லை. எனக்குப் பாடம் காட்டுவதற்காகக் கேத்திலைச் சாம்பல் போட்டு விளக்கி, தானே தண்ணீர் கொதிக்க வைத்து, தானே தேயிலை போட்டு, எல்லோரும் பார்க்க ஒரு வாய் குடித்தார். அவருடைய முகம் போன போக்கைக் கண்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பு கிணற்றடிக்குப் போகும் வரைதான். வாளியில் வந்த தண்ணீர் எப்போதும்போலக் கண்ணாடி மாதிரித்தான் இருந்தது. இவர் உள்ளங்கையில் ஏந்திக் குடித்தார். மச்சாள் குடித்தார். நான் குடித்தேன். உப்பு. சந்தேகமே இல்லாத உப்பு.

கிணற்றைக் கட்டியவள்

ஒரு கிணறு கரித்தால் என்ன என்று கொழும்பிலும் வெளிநாட்டிலும் குழாயைத் திறந்து குடிப்பவர்கள் கேட்கலாம். அதற்கு என் கலியாணத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

நான் பிறந்தது தென்மராட்சியில், கடல்நீரேரியை ஒட்டிய ஒரு சின்ன ஊர். அங்கே கிணறு வெட்டினால் சவர்த் தண்ணீர்தான் வரும். குடிக்க நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயில் கிணற்றுக்கு நடக்க வேண்டும். என்னை வயிற்றில் வைத்துக்கொண்டும் அம்மா நடந்தவர். நான் பிறந்து நடை பழகியதும் என்னையும் கூட்டிக்கொண்டு நடந்தவர். எங்கள் ஊர்ப் பெண்களின் இடுப்பைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடலாம். குடம் வைத்து வைத்து ஒரு பக்கம் காய்த்திருக்கும்.

அதனால் எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனால் முதலில் பார்ப்பது மாப்பிள்ளையை அல்ல. அவர் வீட்டுக் கிணற்றை. புத்தூருக்குக் கிழக்கே, உப்பாற்றங்கரையில் இருந்த இவருடைய வீட்டுக்கு என் ஐயா போனபோது, கதிரையில் இருக்கச் சொன்னார்களாம். ஐயா இருக்கவில்லை. நேரே கிணற்றடிக்குப் போய்த் தானே அள்ளி, வாயில் வைத்துக் கொப்பளித்து, பிறகு விழுங்கிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாராம்.

“தண்ணி நல்லது. பிள்ளையைக் குடுக்கலாம்.”

அவ்வளவுதான் பேச்சுவார்த்தை. சாதகம், காணி எல்லாம் அதற்குப் பிறகு. நான் கட்டியது சிவராசாவை அல்ல, சிவராசாவின் கிணற்றை என்று பகிடிக்குச் சொல்வேன். இவருக்கு மட்டும் அந்தப் பகிடி ஒரு நாளும் சிரிப்பைத் தந்ததில்லை.

புகுந்த வீட்டில் முதல் நாள் முகம் கழுவியபோது சவுக்காரம் அப்படி நுரைத்தது. சவர்த் தண்ணீரில் சவுக்காரம் நுரைக்காது. கை நிறைய நுரையோடு கிணற்றடியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேனாம். தம்பி ஒரு விசரியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான் என்று மச்சாள் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

இறைத்துப் பார்த்தோம்

மத்தியானத்துக்குள் ஒழுங்கைச் சனம் முழுவதும் எங்கள் வளவுக்குள் நின்றது. கிணறு எங்கள் வேலிக்குள் இருந்தாலும் ஒழுங்கைக்கே அதுதான் குடிதண்ணீர். ஆளாளுக்கு ஒரு வாய் குடித்து, ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள்.

“பொம்மர் போட்ட குண்டின்ரை அதிர்ச்சியிலை எங்கையோ ஊத்து மாறிப்போச்சு.”

“இல்லை, ஆரோ மருந்து போட்டிட்டாங்கள்.”

அந்த நாளில் பால் திரைந்தாலும் பொம்மர் விமானத்தில்தான் பழியைப் போடுவோம். பழி போடுவதற்குத் தலைக்கு மேலே அது வந்துகொண்டும் இருந்தது.

கடைசியில் கிணற்றை ஒட்ட இறைப்பது என்று முடிவானது. பழைய தண்ணீர் போனால் புதுத் தண்ணீர் வரும் என்பது எல்லோருடைய எண்ணம். வெங்காயத்துக்கு இறைக்கவென்று பொத்திப் பொத்தி வைத்திருந்த மண்ணெண்ணெயை இவர் இயந்திரத்துக்கு ஊற்றினார். பின்னேரம் கிணற்றின் அடிக்கல் தெரிந்தது. மச்சாள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தொலைத்த பித்தளைச் செம்பு ஒன்று அடியில் கிடந்தது. அதைக் கண்டு மச்சாளே சிரித்தார். நல்ல காலம் வரப்போகிறது என்று எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

விடிய ஊறிக் கிடந்த தண்ணீரை வாயில் வைத்தேன். முந்தின நாள் கரித்தது. அன்றைக்குக் கசந்தது.

இப்போது எனக்கு அது விளங்குகிறது. எங்கள் குடாநாட்டில் மலை கிடையாது, வற்றாத ஆறு கிடையாது. நல்ல தண்ணீர் என்று நாங்கள் குடிப்பது சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிய மாரி மழையைத்தான். அது அடியில் கிடக்கும் கடல் தண்ணீருக்கு மேலே பாலாடை மாதிரிப் படர்ந்து கிடக்கிறது. நாங்கள் ஆடையை ஒட்ட வழித்து எறிந்துவிட்டு, கீழே கிடந்ததை மேலே வரச்சொல்லிக் கூப்பிட்டிருக்கிறோம். வருத்தக்காரனுக்கு மருந்தென்று நஞ்சைக் கொடுத்த வேலை.

அந்தக் கிழமையே வெங்காயத் தாள்களின் நுனி நெருப்புப் பட்டதுபோலக் கருகத் தொடங்கியது.

தரவை

எங்கள் சிவலைப் பசு காலையில் அவிழ்த்துவிட்டால் தரவையில் மேய்ந்து, தண்ணீர் குடித்து, வயிறு முட்டத் திரும்பி வரும். அந்த நாள்களில் அது வெறும் வயிற்றோடு வந்து கதறியது. என்னவென்று பார்க்க நானும் மச்சாளும் போனோம்.

ஊரின் கிழக்கே உப்பாறு என்ற கடல்நீரேரி. அதற்கும் எங்கள் வயல்களுக்கும் நடுவில் பள்ளமாக ஒரு வெளி. அதுதான் தரவை. வீடு கட்ட உதவாது, வெங்காயம் வைக்க உதவாது. மாரியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். பெயர் தெரியாத பறவைகள் எங்கிருந்தெல்லாமோ வந்து இறங்கும். பிறகு தண்ணீர் மெல்ல மெல்ல வற்றிப் புல் வரும். மடுக்களில் விரால் கிடக்கும். தரவைக்கும் ஏரிக்கும் இடையே ஒரு மண் அணை. அணையின் நடுவில் சீமெந்துத் தூண்கள். தூண்களில் வெட்டிய தவாளிப்புப் பள்ளங்களில் தார் பூசிய தடித்த பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கியிருப்பார்கள். அதுதான் கதவு. உள்ளே மழைத் தண்ணீர், வெளியே உப்புத் தண்ணீர். வெள்ளம் மிஞ்சினால் பலகையைத் தூக்குவார்கள். மழை ஓய இறக்கிவிடுவார்கள்.

மண்ணுக்குள் இறங்கிக் கிணறுகளுக்கு ஊறிய அந்தத் தண்ணீரை ஊரில் ஒருவரும் மதித்ததில்லை. ‘சும்மா கிடக்கிற தண்ணி’ என்றுதான் சொல்வார்கள். ஒன்றுக்கும் உதவாத ஆளைத் தரவை என்று பழிப்பதும் உண்டு. மச்சாள் என்னைச் சொல்லியிருக்கிறார்.

தூரத்தில் வரும்போதே தரவை வெள்ளையாகத் தெரிந்தது. கொக்குக் கூட்டம் இறங்கியிருக்கிறது என்று நினைத்தேன். கிட்டப் போனபோது ஒரு கொக்கும் இல்லை. நிலம் முழுவதும் உப்புப் பூத்துக் கிடந்தது. புல் மஞ்சளாகி, காலில் பட முறிந்தது. மடுக்களில் விரால்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. ஓர் ஆமை கரையேற முயன்று பாதி வழியில் செத்துக் கிடந்தது. நாற்றம் தாங்காமல் மச்சாள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார். எனக்குப் பொத்தக்கூடத் தோன்றவில்லை. வாயைத் திறந்தபடி நின்றேன்.

அணைக்கு ஓடினோம். கதவு இருந்த இடம் பல்லுப் போன வாய் மாதிரி இருந்தது. ஒரு பலகை கிடையாது. சோளகக் காற்று தள்ளிக்கொண்டு வந்த ஏரித் தண்ணீர் தூண்களுக்கு நடுவால் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஓட்டத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று சூசை அண்ணை வீச்சுவலை எறிந்துகொண்டிருந்தார். அவர் குருநகர்க் கடற்றொழிலாளி. அங்கே ஷெல் விழத் தொடங்கியபின் மனைவியோடு வந்து எங்கள் வளவுக் கொட்டிலில் இருந்தவர்.

“சூசை அண்ணை, பலகையெல்லாம் எங்கை?”

அவர் வலையை உதறுவதை நிறுத்தினார்.

“பகிடி விடாதை தங்கச்சி.”

“என்ன பகிடி? ஆர் கழட்டினது?”

சூசை அண்ணை மச்சாளைப் பார்த்தார். மச்சாள் ஏரியைப் பார்த்தார்.

“உங்கடை பங்கருக்கு மேலை கிடக்கிறது பின்னை என்னவாம்? சிவராசாவும் நானும்தானே வண்டிலிலை ஏத்திக்கொண்டு வந்தனாங்கள். மிச்சத்தை முன் வீட்டுக்காரர் கொண்டு போனவை. சும்மா கிடக்கிற தண்ணியைத்தானே மறிச்சுக்கொண்டு நிண்டது, ஆருக்கு நட்டம் எண்டு நினைச்சம்.”

சொல்லிக்கொண்டே அவருடைய கண் செத்த மீன்களில் போய் நின்றது. அவரும் எங்கள் கிணற்றில்தான் குடித்துக்கொண்டிருந்தார்.

“மாதாவே,” என்றார் மெல்ல. “உது கிணத்துக்கு வரும் எண்டு ஆர் கண்டது?”

எங்கள் தலைக்கு மேலே

குண்டு விழும்போது ஒளிந்திருக்கும் பங்கர்க் குழியை வெட்டும்போது நான் ஊரில் இல்லை. மகள் வதனியைக் கூட்டிக்கொண்டு தாய்வீடு போயிருந்தேன். திரும்பி வந்தபோது கொல்லையில் குழி வெட்டி, பலகை அடுக்கி, மேலே மண்ணும் போட்டு முடித்திருந்தார்கள்.

கேட்டது மச்சாள்தான். அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவருடைய புருஷன் தோட்டத்தில் வெங்காயம் நட்டுக்கொண்டிருந்தபோது ஷெல் விழுந்து செத்தவர். அதன்பிறகு இயந்திரச் சத்தம் எது கேட்டாலும் மச்சாளுக்கு உடம்பெல்லாம் நடுங்கும். சோறு வேண்டாம், பங்கர் வெட்டித் தா என்று தம்பியிடம் அழுதவர். இவர் மரத்துக்கு எங்கே போவார்? காசு கொடுத்தாலும் பலகை கிடைக்காத காலம். அணையில் கிடந்ததோ கறையான் தொடாத, உப்பிலே ஊறி இறுகிய பலகை.

பங்குனியில் ஒரு காலை பொம்மர் வந்தது. குண்டு எதிர் வளவில் விழுந்தது. பக்கத்து ஒழுங்கையில் தென்னங்குற்றி அடுக்கிய பங்கர் உள்ளே இருந்தவர்களின்மேலேயே சரிந்தது. அவர்களைத் தோண்டித்தான் எடுத்தார்கள். எங்கள் பலகைகள் முனகின. இடுக்குகளால் மண் எங்கள் தலையில் கொட்டியது. ஆனால் பலகைகள் நின்றன. வதனி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “முடிஞ்சுதோ அம்மா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

தரவையிலிருந்து வந்ததும் நான் அந்தப் பங்கருக்குள் இறங்கி அண்ணாந்து பார்த்தேன். தார். பலகை ஓரத்தில் தண்ணீரின் உயரம் பார்க்க வெள்ளை மையில் போட்ட கோடுகள். இத்தனை நாளும் அதற்குக் கீழே படுத்துக் கிடந்திருக்கிறேன். தச்சர் போட்ட அடையாளம் என்று நினைத்திருக்கிறேன். அப்படியே மண்ணில் இருந்துவிட்டேன்.

இவர் வாசலில் வந்து குந்தினார்.

“பிள்ளை உயிரோடை இருக்கிறாள். அது காணாதோ உமக்கு?”

“உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு என்னத்தைக் குடிக்கக் குடுக்கிறது எண்டும் சொல்லுங்கோ.”

அந்தப் பலகைகள் இல்லாவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அது தெரிந்துதான் சண்டை போட்டேன்.

மண்வெட்டி

அடுத்த நாள் பலகை எடுத்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் எங்கள் முற்றத்தில் கூடினார்கள். திருப்பிக் கொண்டுபோய்ப் போடுவோம் என்றேன். முன் வீட்டுக்காரர் பாய்ந்தார்.

“கிணறு உப்பானால் வேறை கிணத்திலை அள்ளலாம். தலை போனால் வேறை தலைக்கு எங்கை போறது பிள்ளை?”

அதுவும் சரிதான். அப்போது கொல்லைப் பக்கத்தில் மண் வெட்டும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், பங்கருக்கு மேலே சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மச்சாள். மண்ணை வெட்டி வெட்டி ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

பொம்மர் என்ற சொல்லைக் கேட்டாலே குழிக்குள் இறங்குகிற மனுஷி.

“மச்சாள், என்ன செய்யிறியள்?”

“அந்த வெங்காயம் என்ரை மனுசன் நட்டதின்ரை விதை. போகம் போகமா எடுத்து வைச்சு நடுறன். அது எரிய எரியப் பாத்துக்கொண்டு குழிக்குள்ளை இருக்க என்னாலை ஏலாது.”

றோட்டில் எங்கோ ஒரு மோட்டார் சைக்கிள் உறுமியது. மச்சாள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தலையைப் பொத்திக்கொண்டு குந்தினார். சத்தம் போனதும் எழும்பித் திரும்ப வெட்டினார். அதைப் பார்த்தபின் முன் வீட்டுக்காரர் வீட்டுக்குப் போய்த் தன் மண்வெட்டியை எடுத்தார்.

பொழுது சாய்வதற்குள் பலகைகள் அணைக்குப் போய்விட்டன. சூசை அண்ணை தண்ணீரில் இறங்கி இடுக்குகளுக்குக் களிமண் அடைத்தார். கடைசிப் பலகை இறங்கியதும் ஓட்டம் நின்றது. எங்கள் பங்கருக்குக் கிடைத்த பனங்குற்றிகளைப் போட்டோம். பாதிக் குழிக்குத்தான் காணுமாக இருந்தது.

ஒரு கிழமை போயிருக்கும். அணையைப் பார்க்கப் போன மச்சாள் வந்து முற்றத்தில் அப்படியே இருந்தார்.

“பலகை இல்லை.”

ஒன்றுகூட இல்லை. எந்த ஊரார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை. வண்டில் தடம் கொஞ்சத் தூரம் போய் றோட்டில் ஏறி மறைந்திருந்தது. இப்போது எங்களிடம் பங்கரும் இல்லை, கிணறும் இல்லை. மச்சாள் அணையிலேயே நின்று, எடுத்தவன் குடி தண்ணீருக்குத் தவித்துச் சாகவேண்டும் என்று மூன்று தரம் மண் அள்ளி எறிந்துவிட்டு வந்திருந்தார்.

அந்த மாரி மழை தரவையில் நிற்காமல் ஏரிக்கு ஓடியது. அடுத்த மாரியும் அப்படித்தான். வெங்காயத்தை விட்டோம். என் ஐயா எதற்குப் பயந்து என்னை அந்த ஊருக்குக் கொடுத்தாரோ, அந்தக் குடம் என் இடுப்புக்கு வந்தது.

பள்ளிக்கூடத்தில்

பிறகு இராணுவம் முன்னேறி வர, எங்கள் பகுதியான வலிகாமம் முழுவதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு நடந்த அந்த ஐப்பசி. அதைப் பற்றி எழுதத் தனியாகத் தைரியம் வேண்டும். கொட்டும் மழையில், ஆளோடு ஆள் இடிபட்டு, தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறைக்குள் போய் விழுந்தோம் என்று மட்டும் இப்போது சொல்கிறேன்.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெண். ஈரச் சீலையில் சுருண்டு மூன்று பிள்ளைகள். உப்பாற்றங்கரையிலேயே எங்களுக்குச் சில ஊர் தள்ளி இருந்தவர். கதையோடு கதையாகத் தங்கள் பங்கரைப் பற்றிச் சொன்னார்.

“எங்கடை ஒழுங்கையிலை மற்றப் பங்கர் எல்லாம் இடிஞ்சு போச்சு அக்கா. எங்கடை மட்டும் நிண்டது. தார் பூசின அணைப் பலகை. இவர் எங்கையோ போய் ஏத்திக்கொண்டு வந்தவர். உதாலைதான் இதுகள் மூண்டும் இண்டைக்கு இருக்குதுகள்.”

மச்சாளைப் பார்க்கவே பயமாக இருந்தது. மச்சாள் அந்தப் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பிள்ளை இருமியது. மச்சாள் தன் போத்தல் தண்ணீரை எடுத்து, பிள்ளையின் தலையைத் தூக்கிப் பருக்கினார். பிள்ளை குடித்து முடித்தபிறகுதான் வாயைத் திறந்தார்.

“பலகை இப்ப எங்கை பிள்ளை?”

“அங்கைதான் அக்கா. ஆர் அதைத் தூக்கிக்கொண்டு வாறது? பங்கருக்கு மேலை அப்பிடியே கிடக்குது.”

யாரும் இல்லாத ஊரில், யாரும் இல்லாத குழிக்கு மேலே. மச்சாள் எழும்பி யன்னலடிக்குப் போய் நின்றார். வெளியே மழை ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்தது. நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“இவ்வளவு மழை,” என்றார் மச்சாள். “மறிக்க ஆள் இல்லை.”